தெராப் மேட்டு லைன்

ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பக்கத்தை லோகேஸ்வரி மூன்றாவது முறையாகப் படித்தாள். மலேசியாவின் நீலாயில், அலுவலகத்தில் காலை பத்து மணி. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினர் காதில் மாட்டிய கருவிகளோடு மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் செய்ய உட்கார்ந்தது சாதாரண வேலைதான். செண்டாயானைத் தாண்டி வரப்போகும் புதிய நகரத்தில் நாலாயிரம் வீடுகளுக்கு ஃபைபர் போடும் வேலை நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. எந்த மாதம் எந்தச் சாலையைத் தோண்டுவது, எத்தனை ஆட்கள் வேண்டும் என்று அட்டவணை போடுவதற்காக ஒப்பந்தத்தைத் திறந்தாள். ஒன்பதாவது பக்கத்தில், தேதிகளுக்கு நடுவே அந்த வரி இருந்தது. நிலம் காலி செய்யப்படும் நாளுக்கு அறுபது நாள் முன்னதாக, தோட்டக் குடியிருப்பில் இப்போது கொடுத்துவரும் இணையச் சேவையை நிறுவனம் முழுமையாக விலக்கிக்கொள்ள வேண்டும். விலக்கிக்கொண்ட பிறகே முதல் கட்ட வேலை ஒப்படைக்கப்படும்.

தோட்டத்தின் பெயர் புக்கிட் தெராப். அவள் பிறந்து வளர்ந்த தோட்டம்.

காது மடல்கள் சுட்டன. பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்திருந்த கோப்பி ஆறிப்போய் மேசையில் கிடந்தது. நாற்பத்தாறு குடும்பங்கள் இன்னும் அங்கே லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தன. எண்ணெய்க்காகச் செம்பனை வளர்த்த கம்பெனி நிலத்தை விற்று மூன்று வருடமாகிறது. வாங்கியவர்கள் தருவதாகச் சொன்ன அடுக்குமாடி வீடுகள் இருபது மைல் தள்ளி, பஸ் கூடப் போகாத இடத்தில் இருந்தன. உழைத்த மண்ணிலேயே ஒரு மூலையில் வீடு கட்டிக் கொடுங்கள் என்று இவர்கள் சிரம்பான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். வழக்கறிஞர் கோலாலம்பூரில் இருந்தார். வாரம் ஒருமுறை கோயில் பக்கத்துக் கொட்டகையில் கூடி, ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து அவரோடு பேசுவார்கள். லயங்கள் பள்ளத்தில் இருப்பதால் கைப்பேசிக்குச் சிக்னல் வராது. இருக்கிற ஒரே வழி, மேட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தலையில் நிற்கும் டிஷ். அதைக் கழற்றிவிட்டால் வழக்கறிஞரிடம் ஒரு சந்தேகம் கேட்கக்கூட வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு ஓட வேண்டும். இதெல்லாம் தெரிந்த யாரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும். அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்த டிஷ்ஷை அங்கே மாட்டியவள் லோகேஸ்வரி.

பதினொரு வருடத்துக்கு முன்பு அவள் செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தாள். வீட்டிலிருந்தே டிப்ளோமா படிக்கப் பதிந்திருந்தாள்; பாடம் முழுவதும் இணையத்தில்தான் நடக்கும். லைன் கேட்டுப் பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு ஏழு முறை மனுப் போட்டாள். கடைசியில் இடத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர்தான் பிரேமநாதன். பக்கத்து ஊரான அம்பாங்கான்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், தாத்தா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். லயத்து வாசலில் நின்றபடியே படிவத்தில் ‘வாய்ப்பில்லை’ என்று எழுதினார்.

“எதுக்கு வாய்ப்பில்ல? கரண்டு கம்பி வருதுல்ல? லோரி வருதுல்ல? செம்பனைக் குலைய ஏத்திட்டுப் போறதுக்கு மட்டும் வழி தெரியுது, ஒரு கம்பி கொண்டாரதுக்கு வழி தெரியலையா?” என்று அவள் கத்தினாள். ஒரு மணி நேரம் கத்தினாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரின் பின் இருக்கையில் இரண்டு டிஷ்களைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அம்பாங்கானில் ஒரு கடைவீட்டு மொட்டைமாடியிலிருந்து மேட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சிக்னல். தொட்டியிலிருந்து லயத்துக் கூரைகளுக்கு. அப்படித்தான் தொடங்கினார்கள். பிரேமநாதனுக்கு உயரம் ஆகாது. ஏணியில் நாலு படி ஏறினாலே முகம் வெளுத்துவிடும். அவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்று கத்துவார். அவள் மேலே நின்று திருப்புவாள். முதல் மாதம் பதினொரு வீடு. நிறுவனத்துக்கு தெராப்நெட் என்று பெயர் வைத்தார்கள். அவள் தொழிற்சாலை வேலையை விட்டாள், அவர் தன் வேலையை விட்டார். செம்பனை வளர்ந்து மட்டைகள் சிக்னலை மறைத்தால் குழாயை நீட்டி டிஷ்ஷை உயர்த்த வேண்டும் என்பதையும், எறும்பு பெட்டிக்குள் கூடு கட்டும் என்பதையும், குரங்குக்கு எந்த நிறக் கம்பி பிடிக்கும் என்பதையும் எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லவில்லை. இடி விழுந்து கருவி கருகினால் மழை விட்டதும் ஏறுவாள். அக்கம்பக்கத் தோட்டங்கள் கேட்டன. பிறகு அம்பாங்கானில் தாமான் எனப்படும் குடியிருப்புகள், பிறகு செண்டாயான் தொழிற்சாலைகள். ஊரடங்கு வருடத்தில் பள்ளிகள் மூடியபோது ஆறு தோட்டங்களின் பிள்ளைகள் அவர்கள் லைனில்தான் படித்தார்கள். போலீஸ் தடுப்புகளில் அனுமதிக் கடிதத்தைக் காட்டிக் காட்டி அவளும் ரவிச்சந்திரனும் வேனில் சுற்றினார்கள். ரவிச்சந்திரன் மாச்சாங் தோட்டத்து லோரியில் குலை ஏற்றிக்கொண்டிருந்தவன். நிறுவனத்தில் அவள் சேர்த்த முதல் ஆள் அவன்தான், ஏணி ஏறக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

அதற்கப்புறம் முதலீட்டாளர்கள் வந்தார்கள். தெராப் என்றால் யாருக்கும் புரியவில்லை என்று பெயரை டெரானெட் என்று மாற்றினார்கள். நீலாயில் மூன்று மாடி. அவள் பெயருக்குக் கீழே ‘செயல்பாட்டுத் தலைவர்’ என்று போட்டார்கள். பிரேமநாதன் பெயருக்குக் கீழே ‘நிறுவனர்’. நிறுவனர் ஒருவர்தான். அதைப் பார்த்த அன்று அவள் பொருமினாள், மறுநாள் வேலை இருந்தது, விழுங்கிக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எழுந்து போய் அலமாரியைத் திறந்து பழைய கோப்புகளை எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் மாச்சாங் தோட்டம். போன வருடம் லாலாங் தோட்டம். இரண்டிலும் சேவையை நிறுத்தினார்கள். ‘கருவிகளின் ஆயுட்காலம் முடிந்துவிட்டதால்’ என்று தொடங்கும் கடிதம். கீழே கையெழுத்து அவளுடையது. இரண்டு தோட்டங்களும் இன்று இல்லை. மண்ணைச் சமன்படுத்தி வேலி போட்டு, வேலியில் சிரிக்கும் குடும்பங்களின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அங்கே வரப்போகும் இரண்டு நகரங்களுக்கும் ஃபைபர் போடும் வேலை டெரானெட்டுக்கே கிடைத்தது. அவள் கோப்பை மூடினாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால், அந்த நிமிடத்தில் முதல் ஆள் அவளே. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட கை இந்தக் கைதான்.

பிரேமநாதனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள். பக்கத்தை அவர் முன் வைத்தாள்.

“இது என்ன சார்?”

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

“இது அவையளின்ர லாயர் போட்டது. எல்லா ஒப்பந்தத்திலயும் இப்படி ஏதாவது வரும்.”

“மாச்சாங்குக்கும் வந்துச்சா? லாலாங்குக்கும்?”

அவர் அந்தப் பக்கத்தை அவள் பக்கமே தள்ளினார்.

“கருவி பழசாயிருச்சுன்னு சொல்லி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்க.”

“கருவி பழசுதானே, லோகேஸ்.”

“ஸ்டோர்ல எட்டு புது டிஷ் கெடக்குது. மாத்தித் தர்றேன்னு நான் சொன்னேன். வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வராது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “நாலாயிரம் வீடு. இஞ்ச அறுபது பேர் வேலை செய்யினம். உமக்கு விளங்கும்தானே? அந்தக் குடும்பங்கள் எப்படியும் போகத்தான் போகினம். நாங்கள் கழட்டாட்டிலும் போகினம். நாங்கள் செய்யாட்டி வேற கொம்பெனி செய்யும்.”

“எப்படியும் போவாங்கன்னா, அப்புறம் எதுக்கு சார் இந்த வரி?”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தார். திரும்பாமலே, “நீர் போய்ச் சொன்னால் கேப்பினம். உம்மட சனம்தானே” என்றார்.

உம்மட சனம். தொடக்க காலத்தில் வங்கிக்காரரிடமும் உரிமம் கொடுக்கும் அதிகாரிகளிடமும் அவர் ‘எங்கட தோட்டம்’ என்றுதான் பேசுவார். பொய்யாக அல்ல, நெஞ்சாரத்தான் சொன்னார், அவளுக்குத் தெரியும். லயத்தில் உட்கார்ந்து மங்கம்மா அத்தை போட்ட கருவாட்டுக் குழம்பைக் கை வழியச் சாப்பிட்ட மனிதர். ‘எங்கட’ எந்த வருடம் ‘உம்மட’ ஆனது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“சொல்றேன்” என்றாள். பக்கத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் நின்று, யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஒன்பதாவது பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் பத்துப் பிரதி எடுத்தாள்.

சனிக்கிழமை காலை தோட்டத்துக்குப் போனபோது மங்கம்மா அத்தை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை. லோகேஸ்வரியின் கார் நிற்பதைப் பார்த்தும் எழுந்து வரவில்லை. உள்ளே அத்தையின் மருமகள் ரோகினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோலாலம்பூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. குடியிருப்பாளர் கமிட்டிக்குச் செயலாளரும் அவள்தான். வழக்கின் தாள் எல்லாம் அவள் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் இருந்தது. பேசி முடித்துக் காதிலிருந்ததைக் கழற்றியவள், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

“நேத்து வந்துச்சு இந்த சூராட். கருவிக்கு ஆயுசு முடிஞ்சிருச்சாம். உங்க பேர் போட்டுருக்கு.”

கையெழுத்து அச்சடிக்கப்பட்டிருந்தது. பழைய கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டியது.

“இத நான் போடல, ரோகினி.”

“அப்ப யார் போட்டா? நீங்கதானே அங்க பெரிய ஆளு?” ரோகினியின் குரல் ஏறியது. “மாச்சாங்ல புடுங்குனப்ப போட்டது நீங்கதானே? லாலாங்ல? அங்க என் அக்கா இருந்துச்சு. லைன் போயி நாலு மாசத்துல பாதிப் பேர் குடுத்தத வாங்கிட்டு ஓடிட்டாங்க. நீங்கதான் கொண்டாந்தீங்க, நீங்கதான் புடுங்குறீங்க. நாங்க என்ன, உங்களுக்கு ஏறிப் பழகுற ஏணியா?”

“ஆமா, போட்டேன்” என்றாள் லோகேஸ்வரி. “அந்த ரெண்டும் நான் போட்டதுதான். படிக்காம போட்டேன். இப்பப் படிச்சேன்.”

பையிலிருந்து பிரதிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ரோகினி நின்றபடி படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள். அத்தை கத்தியோடு வாசற்படியில் வந்து நின்று, “என்னா எழுதியிருக்கு?” என்று கேட்டாள். ரோகினி தமிழில் சொன்னாள். சொல்லச் சொல்ல அத்தையின் முகம் இறுகியது. “கிராணி வூட்டுப் புள்ள” என்றாள் கடைசியில். “எம் பாட்டன் காலத்துலயும் அவுங்கதான் பேனாவைப் புடிச்சாங்க.”

அது நியாயமான பேச்சில்லை என்று லோகேஸ்வரிக்குத் தெரியும். பிரேமநாதன் பிறகு தன் காரையே விற்றுத்தான் அடுத்த கருவிகளை வாங்கினார். ஆனால் அன்றைக்கு அவருக்காகப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

“இத லாயர்கிட்ட குடுக்கலாமா?” என்றாள் ரோகினி. “கோர்ட்ல குடுத்தா, எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க லா.”

“நான் குடுத்தேன்னு சொல்லு.”

“வேலை போயிரும் அக்கா.”

“என் பேர முழுசா எழுதிக்கோ. அப்பா பேரோட.”

திங்கட்கிழமை வழக்கறிஞர் அந்தப் பக்கங்களை நீதிமன்றத்தில் கொடுத்தார். சேவையை நிறுத்தத் தடை கேட்ட மனுவின் விசாரணை அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. அந்தத் திங்கட்கிழமை மதியமே லோகேஸ்வரியின் அலுவலக அட்டை கதவைத் திறக்க மறுத்தது. பாதுகாவலர் முகத்தைப் பார்க்காமல் ஒரு உறையைக் கொடுத்தார். விசாரணை முடியும்வரை பணி இடைநீக்கம். கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தபோது பிரேமநாதன் அழைத்தார். மூன்றாவது மாடிச் சன்னலில் அவர் நிற்பது தெரிந்தது.

“என்ன செய்தீர் எண்டு விளங்குதா உமக்கு? இந்த வேலை போனால் கொம்பெனி என்னாகும்? அறுபது குடும்பம், லோகேஸ். அதில பாதி தோட்டத்துப் பிள்ளையள், நீரே கூட்டிக்கொண்டு வந்ததுகள்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் செய்தீரா? எங்க இருந்து உம்மை எங்க கொண்டு வந்தனான்.”

அதுவரை அடக்கி வைத்திருந்தது அந்தச் சொல்லில் உடைந்தது; தொட்டி ஏறிய காலத்தில் அவரைக் கூப்பிட்ட முறையே வாயில் வந்தது. “நீங்க கீழ நின்னு கயிறு புடிச்சீங்க அண்ணே. ஏறுனது நான். நீங்க கொண்டாரல. நான் கத்துனேன், நீங்க வந்தீங்க. அத மறந்துட்டு நிறுவனர்னு சுவத்துல மாட்டிக்கிட்டீங்க, சரி, மாட்டிக்குங்க. என் கையெழுத்த வெட்டி ஒட்டி என் அத்தைக்கே அனுப்புறீங்களே, அத யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?”

சன்னலில் தெரிந்த உருவம் சுவரில் கை ஊன்றிக்கொண்டது. கையெழுத்து விஷயம் அவருக்குத் தெரியாதோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தெரியாமல் இருந்திருந்தால் அது இன்னும் கேவலம்.

“அண்ணே எண்டு கூப்பிடாதையும்” என்றார். தொடர்பு அறுந்தது.

அறுபது குடும்பம் என்பது உண்மை. சிரம்பானை நோக்கிக் கார் ஓட்டிய வழியெல்லாம் அது அவளைக் குடைந்தது. அவள் பொறுக்கி எடுத்த பிள்ளைகளில் சிலர் இனி அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். நாற்பத்தாறா அறுபதா என்று கேட்டு ஆளையும் ஆளையும் மோதவிடுகிறார்கள், அதைக் கேட்கிறவர்கள் இந்த இரண்டிலும் இல்லை என்று நினைத்தபோது ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு வேன் வந்தது. செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு முன் டிஷ்ஷைக் கழற்றிவிட்டால் தடை கேட்க எதுவும் மிஞ்சாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். செய்தி முன்னமே தெரிந்துவிட்டது. கம்பெனி ஸ்டோரில் வேலை செய்யும் ஒருத்தி ரோகினிக்கு அனுப்பியிருந்தாள். கோயில் கொட்டகையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிவந்து பெண்கள் தண்ணீர்த் தொட்டியின் தூண்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மங்கம்மா அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி ஏணியின் கீழ்ப்படியில், முதுகை இரும்பில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

வேனிலிருந்து ரவிச்சந்திரன் இறங்கினான். நாற்பதைத் தொடும் வயது, இடுப்பில் பட்டையும் கொக்கிகளும். அவளைப் பார்த்ததும் நடை தடுமாறியது. இவன்தான் வருவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

“அக்கா, தள்ளிக்குங்க அக்கா. எனக்கு ஆர்டர்.”

“மாச்சாங்ல யாருடா கழட்டுனது?”

“நான்தான். ஏன்?”

“அன்னிக்கி உங்கம்மா என்ன சொன்னாங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “சாமான் கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றது, கழட்டுன்னாங்க. நாந்தான் சொன்னேன் அம்மாகிட்ட, புதுசு வரும்னு.” கொஞ்சம் நிறுத்தி, “இப்ப பதினோராவது மாடி ஃபிளாட்டு. கீழ எறங்கவே மாட்டேங்குறாங்க” என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை. மடித்து வைத்திருந்த பக்கத்தை நீட்டினாள். “மாச்சாங்குக்கும் இதே வரிதான். நான் படிக்கல. நீயாவது படிச்சிட்டு ஏறு. படிச்சதுக்கப்புறம் ஏறணும்னா, நான் எந்திரிச்சு வழி விடுறேன்.”

“அதெப்படி வழி விடுவீங்க?” என்று ரோகினி பின்னாலிருந்து கத்தினாள். லோகேஸ்வரி திரும்பவில்லை.

ரவிச்சந்திரன் காகிதத்தை வாங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். மேட்டுப் பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான். வேனுக்குப் பின்னால் குலை ஏற்றிய லோரி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்து, வழி இல்லாமல் நின்று ஹாரன் அடித்தது. வேன் ஓட்டுநர் சன்னல் வழியே தலையை நீட்டினான். “ரவி அண்ணே! முன்னாடி எடுக்கவா, பின்னாடி எடுக்கவா?”

ரவிச்சந்திரன் கையை மட்டும் தூக்கினான், பொறு என்பதுபோல. மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினான். லோரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எஞ்சின் அதிர்வில் மேலே அடுக்கியிருந்த குலைகளிலிருந்து சிவந்த பழங்கள் உதிர்ந்து, ஒன்றிரண்டாக, பிறகு கொத்தாக, செம்மண் சரிவில் உருண்டுகொண்டிருந்தன.